கம்பியில் கோத்த 137 உறைகள்: தக்கலைப் பக்கத்து வீடு ஒன்றின் தபால் கட்டு

பாட்டாவின், அதாவது தாத்தாவின், வீட்டு இடைகழியில் ஒரு கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. மேல்முனையைக் கொக்கியாக வளைத்து, கீழே வட்டமான மரத்துண்டு ஒன்றைச் செருகியிருந்தார்கள். தபால்காரர் கொண்டுவரும் கடிதம் எதுவானாலும் பாட்டா திண்ணையில் உட்கார்ந்து இரண்டு முறை வாசிப்பார். பிறகு உறைக்குள் திரும்பப் போட்டு, நடுவில் குத்திக் கம்பியில் ஏற்றிவிடுவார். பதில் எழுதிவிட்டால் உறையின் ஓரத்தில் நீலப் பென்சிலால் ஒரு ‘ப’ விழும். தெற்கே பழைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கம்பி புதிதல்ல. கரம் (வரி) தீர்த்த ரசீது, ரேஷன் பில், கல்யாணக் கடிதம் எல்லாவற்றுக்கும் அதுதான் அலமாரி.

2014-ல் வீட்டைப் பிரித்துக் கட்டியபோது கம்பி என் கைக்கு வந்தது. போஸ்ட் கார்டுகளையும் இன்லண்டு கடிதங்களையும் தனியே எடுத்து வைத்துவிட்டு உறைகளை மட்டும் எண்ணினேன். 137 இருந்தன. மரத்துண்டை ஒட்டி அடியில் கிடந்தது திருவிதாங்கூர் காலத்து அஞ்சல் உறை. உச்சியில் இருந்தது 1990-களில் ஒரு பேரன் விடுதியிலிருந்து பணம் கேட்டு எழுதியது. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு துளை. துளையைச் சுற்றித் துருவின் வளையம். அஞ்சல் தலை சேர்க்கும் நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, “ஓட்டை விழுந்த கவருக்கு யார் காசு கொடுப்பார்?” என்றார். விற்பதற்காக நான் எடுக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது வேறொரு வகையிலும் தவறு. இந்த 137 உறைகளும் ஒரே வீட்டுக்கு, இந்த வரிசையில் வந்தவை என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தத் துளைதான். கழற்றுவதற்கு முன் கம்பியோடு சேர்த்துப் படம் எடுத்து, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தேன். இந்த விஷயத்தில் நான் யோசித்துச் செய்த முதல் காரியம் அது. அதற்கு முன் செய்தவை எல்லாம் யோசிக்காமல் செய்தவை.

கத்தரிக்கோல்

137-ல் 58 உறைகளுக்கு வலது மேல் மூலை இல்லை. வெட்டியவன் நான்தான். ஆறாம் வகுப்புப் படிக்கும்போது வகுப்பில் எல்லோருக்கும் அஞ்சல் தலைப் பைத்தியம் பிடித்தது. விடுமுறைக்குப் பாட்டா வீட்டுக்குப் போனவன் ஒரு மத்தியான நேரத்தில், பெரியவர்கள் உறங்கும்போது, முக்காலியில் ஏறிக் கத்தரிக்கோலால் மூலைகளை நறுக்கினேன். பிறகு அலுமினியச் சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டுத் தலைகளை உரித்தெடுத்து, தினத்தாள் மேல் காயவைத்து, 40 பக்க நோட்டில் சோற்றுப் பசையால் ஒட்டினேன். பாட்டா கண்டுபிடித்தபோது திட்டவில்லை. “அதற்குள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தாயா?” என்று மட்டும் கேட்டார். நான் வாசித்திருக்கவில்லை.

தலையை மட்டும் வெட்டினால் என்ன போகிறது என்று கேட்பவர்களுக்கு ஓர் உறையைக் காட்டுகிறேன்.

கம்பியில் 71-ஆவது. கையால் ஒட்டிய பழுப்பு உறை. மதுரையில் வேலை பார்த்த பாட்டாவின் தம்பி அனுப்பியது. பெயர், வீட்டுப் பெயர், ஊர், அதன் கீழே ‘தக்கலை வழி’. கதவு எண்ணும் இல்லை, தெருவும் இல்லை. மூலை போய்விட்டது, அதோடு அனுப்பிய ஊரின் முத்திரையும் தேதியும் போய்விட்டன. ஆனால் வெட்டுவாய்க்குச் சற்று இடப்புறத்தில் 5 பைசாத் தலை ஒன்று தப்பியிருக்கிறது. அப்பா, அம்மா, பிள்ளைகள் முகம் போட்ட குடும்பக் கட்டுப்பாட்டுத் தலை. நோட்டில் அது ஏற்கெனவே இருந்ததால் விட்டுவிட்டேன் போலிருக்கிறது. அதன் குறுக்கே கறுப்பு மையில், அகதிகள் நிவாரணம் என்ற பொருளில் மேலச்சு.

1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சம் லட்சமாக மக்கள் எல்லை தாண்டி வந்தார்கள். அவர்களுக்கான செலவில் ஒரு பங்கைத் தபால் வழியாகத் திரட்ட, அந்த ஆண்டு நவம்பர் 15 முதல் உறைக் கடிதங்களுக்கு 5 பைசா கூடுதலாக வசூலித்தது அரசு. முதலில் கையிருப்பில் இருந்த குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின் மேலேயே அச்சிட்டுக் கொடுத்தார்கள். பிறகு அதற்கென்றே தனித் தலை வந்தது. 1973 மார்ச் 31-உடன் அந்த வசூல் நின்றது. ஆக, இந்த உறை அந்தப் பதினாறரை மாதத்துக்குள் வந்தாக வேண்டும். பின்புறம் தக்கலையில் குத்திய முத்திரையில் மாதத்தை மட்டும் படிக்க முடிகிறது: ஜனவரி. 1972 ஜனவரியா, 1973 ஜனவரியா? முகவரியில் பின்கோடு இல்லை. பின்கோடு 1972 ஆகஸ்டு 15-ல்தான் வந்தது என்பதால் முந்தைய ஆண்டு என்று சொல்லத் தோன்றும். ஆனால் எங்கள் உறவினர்கள் 1980-களிலும் பின்கோடு எழுதாமலே அனுப்பியிருக்கிறார்கள். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய இயலாது. கம்பியின் வரிசைதான் வழக்கைத் தீர்த்தது. 70-ஆவது உறை 1971 டிசம்பர், 72-ஆவது 1972 பிப்ரவரி. இரண்டிலும் மூலை முழுசாக இருக்கிறது. நடுவில் வந்தது 1972 ஜனவரிதான். நான் அன்று உறைகளைக் கழற்றச் சோம்பி, தொங்கிய நிலையிலேயே வெட்டியதால் வரிசை கலையவில்லை. சோம்பல் செய்த உதவி.

போன மூலையில் என்ன தலை இருந்திருக்கும் என்பதும் தெரியும். அப்போது உறைக் கடிதத்துக்கு 20 பைசா. அந்த விலைக்குப் புழங்கிய தலையில் நேட் போர் விமானம் பறந்தது. விமானம் என்றால் அந்த வயதில் எனக்கு உயிர். நோட்டில் அப்படி ஒன்பது விமானங்கள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. எது எந்த உறையிலிருந்து வந்தது?

இதற்கு ஒரு வழி இருந்தது. அஞ்சலகத்தில் முத்திரை குத்தும்போது வட்டத்தின் ஒரு பகுதி தலையிலும் மறு பகுதி உறையிலும் விழும். சேர்ப்பவர்கள் தலையும் உறையும் முத்திரையால் கட்டுண்டிருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். கட்டுண்டிருந்தால் அந்தத் தலை அந்த உறையில்தான் பயணம் செய்தது. நான் ஒட்ட வெட்டிய உறைகளில் வட்டத்தின் மீதி வில் அப்படியே நிற்கிறது. நோட்டில் உள்ள தலைகளையும் உறைகளையும் ஒரே அளவில் ஸ்கேன் செய்து, வில்லோடு வில்லைப் பொருத்திப் பார்த்தேன். இரண்டு மாதம் இரவுகளில் உட்கார்ந்ததில் 58-ல் ஆறு பொருந்தின. 71-ஆவது அந்த ஆறில் இல்லை. பொருந்திய தலைகளை உறையில் மறுபடி ஒட்டவில்லை. ஒட்டினால் அது திருத்திய ஆவணமாகிவிடும். பக்கத்தில் தனிப் பையில் வைத்து, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நோட்டின் பெருமை என்று அன்று நினைத்தது ஒன்று உண்டு. 1939-ல் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிறந்தநாளுக்கு வந்த தொடரில் குமரிமுனைக் காட்சியும் பேச்சிப்பாறை நீர்த்தேக்கமும் தலைகளில் இடம்பெற்றன. குமரிமுனை என்னிடம் இருக்கிறது, சோற்றுப் பசையோடு. குமரிமுனைத் தலை ஒட்டிய உறை, குமரி மண்ணிலேயே ஒரு வீட்டுக்கு வந்து கம்பியில் தொங்கியது. அந்த உறை எது என்று சொல்ல ஒரு வில்கூட மிஞ்சவில்லை.

சங்கு உறை

வெட்டுக்குத் தப்பிய உறைகளில் மிகப் பழையது அடியில் கிடந்ததுதான். தப்பியதற்குக் காரணம் வேடிக்கையானது. அதில் தலை ஒட்டப்படவில்லை. சங்குச் சின்னம் உறையிலேயே அச்சாகியிருந்தது. பிய்த்தெடுக்க முடியாத தலையைச் சிறுவன் தலையாகவே மதிக்கவில்லை.

திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குத் தனித் தபால் இருந்தது. அதன் பெயர் அஞ்சல். 1888 அக்டோபர் 16-ல் அதன் முதல் தலைகள் வந்தன. ராஜாவின் முகத்துக்குப் பதில் ஸ்ரீபத்மநாபரின் சங்கு, விலை சக்கரத்தில். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் இந்தியாவின் தபாலாபீசுகளும் சமஸ்தானத்துக்குள் கூடவே இயங்கின. பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு அஞ்சல் போதும். மதராசுக்கு எழுத வேண்டுமென்றால் தபால். ஆகவே எங்கள் ஊரில் பழையவர்கள் அஞ்சல், தபால் என்ற இரண்டு சொல்லையும் ஒரே பொருளில் பேசியதில்லை. பாட்டி கடைசி வரை ‘அஞ்சலாபீஸ்’ என்று ஓர் இடத்தைக் காட்டுவாள். அங்கே அப்போது ரேஷன் கடை இருந்தது. இன்று தமிழ்நாடு முழுக்கப் பலகையில் ‘அஞ்சலகம்’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போது, நாங்கள் 1956-ல் எல்லை தாண்டி மதராஸ் மாநிலத்துக்கு வந்தபோது இந்தச் சொல்லையும் சீதனமாகக் கொண்டுவந்தோமோ என்று எனக்கு ஒரு செல்லமான நினைப்பு உண்டு. ஆதாரம் கேட்காதீர்கள்.

அந்தச் சங்கு உறையின் முத்திரை மை பரவிப்போய் ஒன்றும் படிக்க முடியவில்லை. உள்ளே இருந்த கடிதம் கைகொடுத்தது. தலைப்பில் ‘1119 தை’ என்று கேரள நாட்காட்டியான கொல்லம் ஆண்டு போட்டிருந்தது. அதாவது 1944-ன் தொடக்கம். கடிதத்தை வேறிடத்தில் வைத்து உறையை மட்டும் சேர்த்திருந்தால் அது வெறும் ‘1940-கள்’ என்று நின்றிருக்கும்.

1944-க்கும் 1969-க்கும் இடைப்பட்ட உறைகளை வரிசையாகப் பரப்பினால், முகவரியின் கடைசி வரி மட்டும் மாறிக்கொண்டே வருகிறது. முதலில் திருவிதாங்கூர். 1949-க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சி. 1951-ல் அஞ்சல் துறை இந்தியத் தபாலில் கலந்தபோது சங்கு மறைகிறது. 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகி மதராஸ் மாநிலத்துக்கு வந்தன. 1969-ல் தமிழ்நாடு. பாட்டா திண்ணையை விட்டு எழுந்திருக்காமலே நான்கு முகவரிகளில் வாழ்ந்திருக்கிறார். அனந்தபுரியில் (திருவனந்தபுரத்தில்) இருந்த ஒரு மைத்துனர் மட்டும் 1960-களிலும் ‘தெற்குத் திருவிதாங்கூர்’ என்றே எழுதியிருக்கிறார். பழக்கமா, பிடிவாதமா? கடிதமும் வந்து சேர்ந்திருக்கிறது. தபால்காரருக்கு அதில் பிணக்கு ஒன்றும் இல்லை.

கம்பியில் இல்லாதவை

எண்ணிக்கை எல்லாம் முடிந்து பட்டியல் போட்ட பிறகுதான் ஒன்று உறைத்தது. ஐம்பது ஆண்டுக் கட்டில் ஒரு சாவுச் செய்தி இல்லை. பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு அழைக்கும் கறுப்புக் கரை போட்ட கடிதம் ஒன்றுகூட இல்லை. அந்தக் குடும்பத்தில் அத்தனை ஆண்டும் யாரும் சாகாமலா இருந்தார்கள்? அம்மையிடம் கேட்டேன். சாவுக் கடிதத்தை வாசித்த கையோடு கிழித்து வெளியே போட்டுவிடுவார்கள்; வீட்டுக்குள் வைக்கும் வழக்கம் இல்லை என்றாள்.

தபால் கட்டு ஒன்று கிடைத்ததும் ‘இந்த வீட்டுக்கு வந்த தபால் இவ்வளவுதான்’ என்று கணக்குப் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கம்பியில் இருப்பது பாட்டா வைக்க விரும்பியது. இன்னொரு குறையும் தெரிந்தது. பெண்கள் பெயருக்கு வந்த உறை மூன்றே மூன்று. அவர்களுக்கு வந்த மற்றவை கம்பிக்கு வரவே இல்லை. அவை சேலைக்கு அடியில் போயிருந்தன.

அத்தையின் பெட்டி

என் அத்தையின் கணவர் 1978-ல் பஹ்ரைனுக்குப் போனவர். அவர் எழுதியவற்றை அத்தை தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தாள். கம்பியைப் பற்றிக் கேள்விப்பட்டு அவளே கூப்பிட்டுவிட்டாள். பெட்டியைத் திறந்து, சிவப்பும் நீலமும் கரையிட்ட விமான உறைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். கடிதத்தை உருவித் தன் மடியில் போட்டுக்கொண்டு உறையை என்னிடம் நீட்டினாள்.

“உறை உனக்கு, மக்களே. உள்ளே இருப்பது எனக்கு.”

“அத்தை, தேதி கடிதத்தில்தான் இருக்கிறது.”

“தேதியை நான் வாசித்துச் சொல்கிறேன். நீ எழுதிக்கொள்.”

அப்படித்தான் அந்தப் பட்டியல் உருவானது. அவள் வாசித்தாள், நான் எழுதினேன். சில இடத்தில் தேதியைத் தாண்டி இரண்டு வரி மனத்துக்குள் வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்வாள். சங்கு உறையில் கடிதம் கைகொடுத்தது என்று மேலே எழுதினேன். இங்கே கடிதம் என் கைக்கு வராததும் சரிதான். எழுதியவரும் பெற்றவரும் இருக்கும்போது சேர்ப்பவனுக்கு உறையோடு உரிமை முடிந்தது.

அந்த உறைகளில் ஒரு புதிர் இருந்தது. விமானக் கரை போட்ட வெளிநாட்டு உறை, பஹ்ரைன் முகவரி, ஆனால் ஒட்டியிருப்பது இந்தியத் தலை, முத்திரை திருவனந்தபுரம். பாதிக்கு மேல் அப்படித்தான். வளைகுடாவிலிருந்து விடுப்பில் ஊருக்கு வருகிறவர்களிடம் கடிதக் கட்டைக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கியதும் உள்நாட்டுத் தலை ஒட்டிப் பெட்டியில் போடுவார்கள். தபாலைவிட வேகம், செலவும் குறைவு. தலையை மட்டும் வெட்டி ஆல்பத்தில் ஒட்டியிருந்தால், திருவனந்தபுரம் முத்திரை விழுந்த சாதாரண இந்தியத் தலை என்று அது முடிந்திருக்கும். முழு உறையாக இருப்பதால், குமரி மாவட்டத்துக் குடும்பங்களின் வளைகுடாத் தபால் எந்த வழியாக வந்தது என்பதை அது காட்டுகிறது.

இன்று வருவதைச் சேர்ப்பது

பழையதைப் படித்தபோது ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. 1972 ஜனவரியில் அந்தப் பழுப்பு உறை குப்பை. இன்று என் வீட்டுக்கு வந்து குப்பைக்குப் போகும் உறைகளில் எது 2070-ல் ஒருவனை இப்படி இரவெல்லாம் உட்கார வைக்கும்? 2016-ல் வீட்டுக்கு வரும் தபாலை முழு உறையாக வைக்கத் தொடங்கினேன். உறவினர் இருவரையும் சேர்த்துக்கொண்டேன். எங்கள் மூன்று வீட்டுத் தபாலும் ஒரே அலமாரிக்கு வருகிறது.

முதல் இரண்டு ஆண்டு தவறான பக்கம் போனேன். முதல் நாள் உறை (புதுத் தலை வெளியாகும் நாளிலேயே முத்திரை குத்தியது), சிறப்பு உறை, கன்னியாகுமரி அஞ்சலகத்தின் பட முத்திரை விழுந்த உறை என்று காசு கொடுத்து வாங்கினேன். 11-12-13 தேதியில் முத்திரை குத்தி வைத்தவர் ஒருவரிடம் நான்கு உறை வாங்கினேன். அழகாக இருக்கின்றன. ஆனால் அவற்றில் பாதி எங்கும் பயணம் செய்யவில்லை. கவுண்டரில் குத்தி, கையோடு திரும்ப வாங்கப்பட்டவை. சேர்ப்பதற்கென்றே செய்த உறை, கல்யாண ஆல்பத்துப் படம் மாதிரி. எல்லோரும் சிரிக்கிறார்கள், அன்று வீட்டில் என்ன சண்டை என்று தெரியாது. தேர்ந்த சேர்ப்பாளர்கள் வியாபாரத் தபாலையும் சொந்தத் தபாலையும் மேலாக மதிப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு விலக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். பேச்சிப்பாறைப் பக்கமோ முட்டம் பக்கமோ போனால், அங்குள்ள சிறு கிளை அஞ்சலகத்தில் சரியான கட்டணத் தலை ஒட்டி எனக்கே ஒரு கடிதம் போடுவேன். அதன் முத்திரை பதிவாவதற்கு வேறு வழி இல்லை.

இன்றைய உறையின் சிக்கல் வேறு. 1971-ன் உறை தன் பயணத்தை முதுகில் எழுதிக்கொண்டு வந்தது. போட்ட ஊர் முகப்பில், சேர்ந்த ஊர் பின்புறம், வழி தவறினால் அந்த ஊரும். இன்று சாதாரணக் கடிதத்தில் சேர்ந்த முத்திரையைப் பார்ப்பதே அபூர்வம். முகப்பு முத்திரையும் பல நேரம் ஒரு கறுப்புத் தேய்ப்பு, அல்லது பேனாக் கோடு. விரைவுத் தபாலில் இரண்டு எழுத்து, ஒன்பது எண், கடைசியில் நாட்டுக்கு இரண்டு எழுத்து என்று 13 குறிகள் கொண்ட பட்டைக் குறியீடு இருக்கும். எந்த ஊரில் எத்தனை மணிக்கு ஏறியது, எங்கே இறங்கியது என்று எல்லாம் கணினிக்குத் தெரியும், உறைக்குத் தெரியாது. அந்த வழித்தடம் இணையத்தில் எல்லாக் காலத்துக்கும் நிற்காது. சில காலத்தில் போய்விடும். பிறகு அந்த 13 குறிகள் பூட்டு இல்லாத சாவி.

ஆகவே உறை கைக்கு வந்த அன்றே வழித்தடத்தைப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி உறையோடு வைக்கிறேன். உறையின் மேல் ஒரு புள்ளியும் வைப்பதில்லை. பதிவு ரசீது வெப்ப அச்சில் வந்தால் அதைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன். அந்த அச்சு நம் ஊர் வெக்கையில் தானாகவே மங்கும்.

எது கிடைத்தது? பெரும்பாலும் சலிப்பூட்டுபவை: கண்ணாடிச் சாளரம் வைத்த காப்பீட்டு உறை, தலை இல்லாமல் இயந்திர முத்திரையோடு வரும் வங்கித் தபால், 5 ரூபாய்த் தலை ஒட்டிய சங்கக் கூட்ட அறிவிப்பு. உறைக் கடிதத்துக்கு 2001-ல் வந்த 5 ரூபாய் கால் நூற்றாண்டாக அப்படியே நிற்கிறது என்பதை, இந்தச் சலிப்பு உறைகளை ஆண்டு வாரியாக அடுக்கியபோதுதான் கண்ணால் கண்டேன். பத்து ரூபாய்த் தலை ஒட்டி வந்தவையும் உண்டு. ஐந்து ரூபாய்த் தலை கையில் இல்லாததால் அப்படி ஒட்டினேன் என்றார் அனுப்பியவர்களில் ஒருவர். அதையும் சீட்டில் எழுதினேன்.

நடுநடுவே ஒன்று சிக்கும். 2020-ல் வந்த கல்யாண அழைப்பு, மூலையில் மஞ்சள். கோயம்புத்தூர் முத்திரை, மார்ச் 20. அழைப்பிதழில் முகூர்த்தம் ஏப்ரல் 26. என் கைக்கு வந்தது ஜூன் முதல் வாரம். மார்ச் 25-ல் ஊரடங்கு விழுந்தது, உறை எங்கேயோ ஒரு பையில் படுத்துவிட்டது. கல்யாணம் வீட்டுக்குள் பதினைந்து பேரோடு முடிந்து, மாப்பிள்ளை வீட்டில் விருந்தும் முடிந்த பிறகு எனக்கு அழைப்பு. உறையில் ஜூன் என்று ஒரு குறியும் இல்லை. சீட்டு இல்லாவிட்டால் இது ‘மார்ச் 2020, கோவையிலிருந்து தக்கலை’ என்று ஒரு சாதாரண உறை. மஞ்சளைக் கறை என்று சொல்லி ஒதுக்குகிற சேர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

நான் மிக நேரம் பார்த்துக்கொண்டிருந்த உறை வக்கீல் குமாஸ்தா ஒருவர் தந்தது. வழக்கு முடிந்து, கட்டுக் கழிக்கும்போது, கட்சிக்காரரிடம் கேட்டு, முகவரியை மறைத்து வைப்பேன் என்று சொன்ன பிறகு தந்தார். பெறுநர் கையெழுத்திட்டுத் திருப்ப வேண்டிய ஒப்புகை அட்டை பின்னால் தைத்தபடியே திரும்பி வந்த 2019-ன் பதிவுத் தபால். பின்புறம் தபால்காரர் நீலப் பந்துமுனைப் பேனாவால் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறார்: 12/6 வீடு பூட்டு. 13/6 வீடு பூட்டு. 14/6 தகவல் கொடுக்கப்பட்டது. 15/6. பிறகு 17/6. நடுவில் 16 இல்லை, ஞாயிற்றுக்கிழமை. 17-லிருந்து கையெழுத்து வேறு, மை கறுப்பு. வழக்கமானவர் விடுப்பில் போயிருக்க வேண்டும். கடைசியில் ‘கேட்டு வாங்கவில்லை, அனுப்பியவருக்குத் திருப்பி’. பெறுநர் வீட்டுக்குள்ளேயே இருந்து கதவைத் திறக்காமல் இருந்தாரா என்பது வேறு வழக்கு. ஆனால் ஒரு வாரம் ஒரே கதவுக்கு நடந்த கால் அந்த உறையில் இருக்கிறது.

அந்த உறை இப்போது இன்னொரு காரணத்துக்காகவும் பழையதாகிவிட்டது. 2025-ல் உள்நாட்டுப் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். அக்டோபர் 1-ல் வந்த புதிய கட்டணப் பட்டியலில், பதிவு என்பது விரைவுத் தபாலுக்கு மேல் 5 ரூபாய் கொடுத்துப் பெறும் கூடுதல் வசதி. பெறுநர் கையிலேயே சேர்க்க வேண்டுமென்றால் அதைக் கேட்க வேண்டும். நீதிமன்ற நோட்டீசும் பத்திர நகலும் பதிவுத் தபாலில் வந்து பழகிய மாவட்டத்தில், அந்தக் கடைசி மாதத்து உறைகளை யாராவது எடுத்து வைத்திருக்க வேண்டும். என்னிடம் இரண்டு இருக்கின்றன. அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் அமெரிக்காவின் சுங்க விதி மாற்றத்தால் அங்கே போகும் தபால் நிறுத்தப்பட்டு, அக்டோபர் நடுவில் திரும்பத் தொடங்கியது. அந்த இடைவெளியில் திரும்பி வந்த உறை ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். மகன் அங்கே இருக்கும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி, ‘நாங்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறோம்’ என்று சொல்லிவிட்டார்.

மழையும் லேமினேஷனும்

இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர். காகிதத்துக்கு இது ஆகாது. சேதக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் அடி என் கையாலேயே. சங்கு உறை நொறுங்கிவிடுமோ என்று பயந்து, அதற்கு முன் ஒத்திகையாக 1950-களின் மூன்று உறைகளைக் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்தேன். கடைக்காரர் நான் கேட்டதைச் செய்தார். இப்போது அந்த மூன்றையும் பிரிக்க வழியில்லை. உள்ளே பசை மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. சங்கு உறை ஒத்திகையோடு பிழைத்தது.

மலிவான பிளாஸ்டிக் பைகளில் அடுத்த சேதம். அவற்றை மென்மையாக்கக் கலக்கும் பொருள் மெல்லக் கசிந்து, உறையின் மையையும் தலையின் நிறத்தையும் பிளாஸ்டிக்கில் ஒட்டவைக்கும். கிழிந்த ஓரத்தில் நான் ஒட்டிய செல்லோடேப் நான்கே ஆண்டில் பழுப்புத் தழும்பானது. இப்போது பாலியஸ்டர் பை, அமிலமில்லாத அட்டை, செங்குத்தாக நிற்கும் பெட்டி. தரையில் இருக்கும் டிரங்குப் பெட்டியில் எதுவும் கிடையாது. கரையானுக்கு அது வீட்டு வாசல். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சித்திரை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுகிறேன். ஸ்டேபிள் பின்கள் எல்லாம் கழற்றியாகிவிட்டது. ஒப்புகை அட்டையைத் தைத்த அந்த ஒரு பின்னை மட்டும் விட்டுவைத்து, இரண்டு பக்கமும் மெல்லிய தாள் செருகியிருக்கிறேன். தைத்தபடி திரும்பியது என்பதுதான் அந்த உறையின் செய்தி. ராமபாணப் பூச்சிக்கு இன்னும் முழுத் தீர்வு கிடைக்கவில்லை. மாதம் ஒரு முறை பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் மருந்து. பார்க்கும்போது வாசிக்கவும் தொடங்கிவிடுவதால் வேலை ஒரு நாளில் முடிவதில்லை.

பாட்டாவின் கம்பியில் இப்போது ஒன்றும் இல்லை. அதை உறைகளோடு சேர்த்து ஒரே பெட்டியில் வைக்கலாமா என்று யோசித்து, துருவுக்குப் பயந்து தனியே துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அதற்கும் ஒரு எண் உண்டு: பூஜ்யம்.

கடைசியாக எழுதிய சீட்டு இது:

‘உறை 412. நாகர்கோவில் 629001-லிருந்து தக்கலை 629175. திருமண அழைப்பு, 5 ரூபாய்த் தலை ஒன்று, நான்கு மூலையிலும் மஞ்சள். முகப்பு முத்திரையில் ஊரும் தேதியும் தெளிவு. பின்புறம் முத்திரை இல்லை. மூன்றாம் நாள் காலை 11.40-க்குக் கையில் கிடைத்தது. நல்ல மழை. இடது ஓரம் நனைந்தது தபால்காரரின் பையில் அல்ல. வாங்கப் போனபோது என் குடையிலிருந்து வடிந்த தண்ணீர்.’